ஆளில்லாத ஊரில் யார் துணி காய்கிறது?

2013 ஜனவரியில் தனுஷ்கோடிக்கு மூன்றாவது தடவையாகப் போனபோது கையில் ஒரு பிரிண்ட் கொண்டுபோயிருந்தேன். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம், மேட் தாள், மூலை மடங்காமல் இருக்க அட்டைக் குழாயில் சுருட்டி வைத்தது. ஒரு வருடத்துக்கு முன் அங்கே எடுத்த படம். இடிந்த தேவாலயம், அதன் பின்னால் கருத்துத் திரண்ட டிசம்பர் மேகம், கீழே ஈர மணல். படம் எடுத்த அன்று பக்கத்துக் குடிசையில் இருந்த ஓர் அக்கா குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். “எடுத்துட்டுப் போறவுக யாரும் திரும்பக் கொண்டாந்து காமிச்சதில்ல தம்பி” என்று அப்போது சொன்னார். அது உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன்.

விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். பிறகு படத்தின் வலது ஓரத்தில் ஒரு விரலை வைத்து, “இங்கன நம்ம துணிக்கொடி கட்டியிருந்துச்சே தம்பி, அது எங்க?” என்று கேட்டார்.

கொடி இருந்தது. தேவாலயத்தின் குட்டைச் சுவரில் தொடங்கி மணலில் நட்ட ஒரு கம்பு வரைக்கும் நைலான் கயிறு. அதில் ஒரு நைட்டி, ஒரு துண்டு, ஒரு பள்ளிக்கூடச் சட்டை. வீட்டுக்கு வந்து கணினியில் அரைமணி நேரம் உட்கார்ந்து மூன்றையும் அழித்தேன். கயிறை அழிப்பதுதான் கஷ்டமாக இருந்தது, பின்னால் கல்லின் வரிவரியான தோற்றம் கெடாமல் அழிக்க வேண்டுமே. கூடவே ஒரு நீலத் தார்ப்பாயையும் இரண்டு பிளாஸ்டிக் குடங்களையும் எடுத்துவிட்டேன்.

“அது படத்துல சரியா விழலக்கா” என்று பொய் சொன்னேன்.

“அன்னிக்கு மழ வர்றாப்ல இருந்துச்சுல்ல. பையனுக்கு இருக்கிறது ஒரு யூனிபார்ம். நனஞ்சா மறுநா பள்ளிக்கூடம் கெடையாது. நீங்க மேகத்தப் பாத்து நிக்கிறீக, நான் துணிய எடுக்க ஓடியாறேன்” என்று சிரித்தார். சிரிப்பில் குத்தல் எதுவும் இல்லை. அதனால்தான் இன்னும் குத்துகிறது.

அந்தக் கேள்விக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கோபமாக இருக்கும். கோபத்தில் முதல் பங்கு எனக்கே.

*

அந்தப் படம் நன்றாகவே பிழைத்தது. ஒரு கண்காட்சியில் மாட்டினார்கள். ஒரு நாட்காட்டிக்கு டிசம்பர் மாதப் படமாகக் கேட்டார்கள், கொடுத்தேன். எல்லா இடத்திலும் படத்துக்குக் கீழே போன வாசகம் ஒன்றுதான்: ‘தனுஷ்கோடி, பேய் நகரம்.’ நான் எழுதியதில்லை என்று தப்பிக்க முடியாது. மறுத்ததும் இல்லை.

தனுஷ்கோடி என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். அதே தேவாலயம், அதே கோணம், அதே மேகம். ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர், தண்ணீர்த் தொட்டியின் கல்தூண்கள். ஆட்கள் இருக்க மாட்டார்கள். இருந்தால் ப்ரீ-வெட்டிங் ஷூட்டுக்கு வந்த ஜோடி இருக்கும், சிவப்பு கவுன் காற்றில் பறக்கும். அங்கே கரைவலை இழுக்கிறவர்கள் இல்லை. சிப்பி மாலை விற்கிறவர்கள் இல்லை. மணலைத் தோண்டி ஊற்று நீர் இறைத்துக் குடத்தில் தூக்கிவரும் பெண்கள் இல்லை. பத்தாயிரம் பேர் தனித்தனியாகப் போய் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் ஒரே ஆட்கள் காணாமல் போகிறார்கள் என்றால், அதைக் கலைஞனின் தேர்வு என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

நான் சொல்ல வருவது இதுதான். பாழடைந்த இடங்களை நாம் எடுக்கும் விதம், அங்கே குடியிருக்கும் மனிதர்களை வெளியேற்றும் விதம். முதலில் படத்திலிருந்து வெளியேற்றுகிறோம். படத்தில் இல்லாதவர்கள் ஊரிலும் இல்லாதவர்கள் என்று ஆவதற்கு அதிக நாள் பிடிப்பதில்லை. பேய் நகரத்துக்கு யாராவது கரண்ட் கம்பி இழுப்பார்களா?

*

இந்த வெளியேற்றம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தொழில் பேசலாம்.

போட்டோ டூர் கூட்டிப்போகிறவர்கள் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் வித்தை ஒன்று உண்டு. லென்ஸுக்கு முன்னால் பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் என்கிற கருப்புக் கண்ணாடியை மாட்டுவது. வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்து மூட வேண்டிய ஷட்டரை அரை நிமிடத்துக்கு மேல் திறந்து வைக்கலாம். அந்த அரை நிமிடத்தில் அலையெல்லாம் பால் மாதிரி, பனி மாதிரி வழவழப்பாகிவிடும். மேகம் இழுபட்டுக் கோடாகும். குறுக்கே நடந்துபோகிறவர்கள் படத்திலேயே விழ மாட்டார்கள். அசையாமல் நிற்பது மட்டும்தான் பதியும். கல் அசையாது. ஆகவே கல் மட்டும் மிஞ்சும்.

இந்த வித்தை புகைப்படக்கலையின் வயதுடையது. 1838இல் பாரிஸில் டாகர் தன் வீட்டுச் சன்னல் வழியாக ஒரு தெருவை எடுத்தார். சுறுசுறுப்பான தெரு, வண்டியும் குதிரையும் ஆட்களும் போய்க்கொண்டிருந்த தெரு. தகட்டில் பதிய சில நிமிடங்கள் பிடித்ததால் அசைந்தவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள். ஷூவுக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவரும், அவர் காலடியில் பாலிஷ் போட்டவரும் மட்டும் கருப்பு உருவங்களாகத் தங்கினார்கள். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்கள் என்று அவர்களைத்தான் சொல்கிறார்கள். டாகருக்கு வேறு வழியில்லை, கருவியின் போதாமை அது. நாமோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பிடிக்கிற கேமராவை லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டு, அந்தப் பழைய போதாமையைத் தனியாகக் கண்ணாடியாக வாங்கி மாட்டிக்கொள்கிறோம்.

பால் போன்ற அந்தக் கடலை இன்னொரு தடவை பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு ஒரு பயணிகள் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு எடுத்துக்கொண்ட கடல் அது.

*

அடுத்தது மேகம். எங்கள் வட்டத்தில் ‘டிராமாட்டிக் ஸ்கை’ என்பார்கள். வானிலை எங்களுக்கு மூட். வானம் வெளுத்திருந்தால் “இன்னிக்கு லைட் சரியில்ல” என்று அறைக்குத் திரும்பி பரோட்டா சாப்பிட்டுப் படுத்துவிடுவோம். கருத்துவிட்டால் அலறியடித்து ஓடுவோம்.

அந்தக் கரையில் இருப்பவர்களுக்கு வானிலைக்கு மூட் கிடையாது, பெயர் உண்டு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கு ஒரு காற்று. எந்தக் காற்றில் எந்தக் கடலில் வலை போடலாம், எதில் வள்ளத்தைக் கரையேற்ற வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. தீவின் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. ஒன்றைப் பெண்கடல் என்பார்கள், இன்னொன்றை ஆண்கடல் என்பார்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால், அது எத்தனையாம் எண் கூண்டு என்பதைப் பொறுத்து அன்றைக்கு வீட்டில் உலை கொதிக்குமா என்பது முடிவாகும். அன்று நான் எடுத்தது அந்த மேகத்தைத்தான். அந்த அக்கா ஓடிவந்ததும் அதே மேகத்துக்காகத்தான். என் படத்தில் மேகம் இருக்கிறது, அது யார்மேல் பெய்யும் என்பது இல்லை.

மேகத்தில் பொய் சொல்வதும் புதிதல்ல, நியாயமாகச் சொன்னால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரசாயனப் பூச்சுகளுக்கு நீல ஒளிதான் மிகையாகத் தெரியும். தரை பதியும் நேரத்துக்குள் வானம் வெந்து வெள்ளையாகிவிடும். அதனால் பிரெஞ்சுக்காரரான கஸ்தாவ் லெ க்ரே 1850களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டை ஒட்டி ஒரே படமாக அச்சிட்டார். மதுரையையும் தஞ்சாவூரையும் 1858இல் எடுத்த கம்பெனி ராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப், மெழுகுத்தாள் நெகட்டிவில் தூரிகையால் மேகம் வரைந்தார். இன்று தூரிகையும் வேண்டாம். 2020 அக்டோபரில் வந்த ஃபோட்டோஷாப்பில் வானத்தை மாற்ற என்றே ஒரு பொத்தான் வைத்தார்கள். மே மாத மத்தியானத்தில் எடுத்த தேவாலயத்தின்மேல் எந்த ஊர்ப் புயல் மேகத்தையும் கவிழ்க்கலாம்.

டிரைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. காரணம், தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை இருபத்தொரு அச்சுகளாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிப் பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார் அந்த மனுஷன். மேகம் வரைந்த கைதான். ஆனால் கல்லில் இருப்பதை எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும் என்ற பொறுப்பும் அந்தக் கைக்கு இருந்தது. நாம் மேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுப்பை விட்டுவிட்டோம்.

*

இனி கல்லுக்கு வருவோம். பாழ் என்றாலே ஏன் நமக்கு இத்தனை கிறக்கம்?

இந்தக் கண் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் ஓர் இங்கிலாந்துப் பாதிரியாரிடம் போய் நிற்கிறது. வில்லியம் கில்பின். வை ஆற்றங்கரையில் இருக்கும் டின்டர்ன் என்ற பாழடைந்த மடாலயத்தைப் பற்றி 1782இல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதினார். சுவர் முனைகள் ரொம்ப ஒழுங்காக இருப்பது கண்ணை உறுத்துகிறதாம். ஒரு சுத்தியலைப் பக்குவமாகப் பயன்படுத்தி அங்கங்கே உடைத்தால் இன்னும் அழகாக இருக்கும் என்ற பொருளில் எழுதுகிறார், அதற்கு யாருக்குத் துணிச்சல் வரும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். பாழ் போதாது, இன்னும் பாழாக வேண்டும்! இந்த ரசனை ஊறிய காலத்தில்தான் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராக வரைந்தார்கள். பிறகு கேமரா வந்தது. தூரிகை பார்த்த இடங்களையே அதுவும் போய்ப் பார்த்தது.

கில்பினின் புத்தகத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. அந்த மடாலயத்தில் ஏழைகள் குடிசை போட்டுக் குடியிருந்தார்கள். நடக்கவே முடியாத ஒரு பெண், துறவிகளின் நூலகத்தைக் காட்டுகிறேன் என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறாள். போய்ப் பார்த்தால் அது அவள் குடியிருக்கும் ஈரச்சுவர்ப் பொந்து. நூலகத்தின் கதை அவளிடம் இல்லை. தன் கதையைச் சொல்லத்தான் அழைத்துப் போயிருக்கிறாள். கில்பின் சங்கடப்பட்டார், ஆனால் எழுதி வைத்தார். 240 வருடம் கழித்தும் அவள் அங்கே இருக்கிறாள். நானோ அரைமணி நேரத்தில் ஒரு துணிக்கொடியை இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

தனுஷ்கோடியின் கல்லுக்கு வயது எத்தனை என்று யாராவது கேட்டிருக்கிறோமா? இது சோழர் காலத்துப் பாழ் அல்ல. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, மெட்ராஸில் ஏறினால் கொழும்பில் இறங்கலாம் என்று டிக்கெட் கொடுத்த போட் மெயில் பாதையின் இந்தியக் கடைசி ஊர் இது. ரயில் கடல்முனை வரைக்கும் வரும். அங்கிருந்து கப்பல் தலைமன்னாருக்குப் போகும். ‘இர்வின்’, ‘கோஷன்’ என்ற கப்பல்களின் பெயரைச் சொல்லக் கேட்ட தலைமுறை இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. பவளப்பாறைக் கல்லில் கட்டிய அந்தத் தேவாலயத்தில் முழந்தாளிட்டவர்கள் தாத்தா பாட்டிகளாக எங்கோ உயிரோடு இருக்கக்கூடும். அதை நாம் ஹம்பி மாதிரி, அங்கோர் மாதிரி எடுக்கிறோம். அறுபது வருடச் சாவை அறுநூறு வருடச் சரித்திரமாக்கினால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பதில் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. புயலில் பாம்பன் பாலமும்தான் சிதைந்தது. அதை ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சரிசெய்து ரயிலை ஓட்டிவிட்டார்கள். இன்றுவரை அது பெருமையாகச் சொல்லப்படுகிறது, பெருமைதான். ஆனால் ராமேஸ்வரத்துக்கு அப்பால் தனுஷ்கோடி வரை போன தண்டவாளம் திரும்பப் போடப்படவில்லை. ஊர் மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. அந்த முடிவுக்கு அன்று நியாயமான காரணங்கள் இருந்திருக்கலாம், அதை இப்போது வழக்காடவில்லை. அது ஒரு முடிவு என்பதைத்தான் சொல்கிறேன். புயல் ஓர் இரவில் ஓய்ந்துவிட்டது. அதன் பிறகான அறுபது வருடப் பாழ் மனிதர்கள் எடுத்த முடிவு. எங்கள் படங்களோ எல்லாப் பொறுப்பையும் கடல் மேலேயே போடுகின்றன. இயற்கையின் சீற்றம், காலத்தின் கோலம் என்று கீழே எழுதிவிட்டால் போதும்.

வாழத் தகுதியற்ற ஊருக்கு மீனவர்கள் திரும்பி வந்தார்கள். குடிசை போட்டார்கள். நான் போன வருடங்களில் அங்கே மின்கம்பி இல்லை. பிள்ளைகள் யூனிபார்ம் போட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். அறிவிப்பில் இல்லாத ஊர் மணலில் இருந்தது. படம்தான் அறிவிப்பின் பக்கம் நின்றது.

*

படம் எடுத்தால் என்ன நடந்துவிடப் போகிறது என்று கேட்கிறவர்களுக்கு ஹம்பியை நினைவுபடுத்துகிறேன். 1856இல் கிரீன்லா என்ற அதிகாரி பெரிய பெரிய மெழுகுத்தாள் நெகட்டிவ்களில் விஜயநகரத்துப் பாழை எடுத்த நாளிலிருந்து, ஹம்பி என்றால் வெறுங்கல்லும் வெறுவானமும் என்று நம் கண்ணுக்குப் பழகிவிட்டது. விருபாட்சர் கோவிலுக்கு முன்னால் நீளும் தேர்வீதியின் கல்மண்டபங்களில் குடும்பங்கள் வீடும் கடையுமாக இருந்தன. 2011 ஜூலையில் புல்டோசர் வந்து அந்தக் கடைவீதியை இடித்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. அதற்குப் பாரம்பரியப் பாதுகாப்பு என்று பெயர்.

எந்தப் புகைப்படக்காரனும் அந்தப் புல்டோசரை ஓட்டவில்லை. பாதுகாக்க வேண்டிய கல் அங்கே இருந்தது என்பதும் உண்மை. ஆனால் பாரம்பரியம் என்றால் ஆளில்லாத கல் என்ற சித்திரத்தை நூற்றைம்பது வருடமாக யார் வரைந்து கொடுத்தார்கள்? டீக்கடை போட்டவர் அந்தச் சித்திரத்தில் எப்போதும் ஒரு கறை. கறையைத் துடைப்பதற்கு யாரும் வருத்தப்படுவதில்லை. எனக்குக் கணினியில் அரைமணி நேர வேலை, அரசுக்கு ஒரு நாள் வேலை.

*

நண்பர்களோடு இதை நிறைய தடவை சண்டை போட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதையும் எழுதிவிடுகிறேன். சிலது நல்ல கேள்விகள்.

“நாங்க அழகுக்காக எடுக்கிறோம், பத்திரிகைக்கு இல்ல.” சரி. அப்படியென்றால் கீழே தனுஷ்கோடி என்றும் 1964 என்றும் ஏன் எழுதுகிறீர்கள்? ‘கல்லும் மேகமும்’ என்று போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே. செத்தவர்களின் கனம் படத்துக்கு வேண்டும், இருப்பவர்களின் துணி வேண்டாம் என்றால் அதற்கு அழகு என்று பெயர் வைக்காதீர்கள்.

“எல்லாப் படமும் வெட்டுறதுதான். நாலு மூலைக்கு வெளிய உள்ளத எப்படிக் காட்டுறது?” உண்மை. எதையும் வெட்டாத படம் கிடையாது. ஆனால் கத்தி ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் விழுகிறதே, அதைத்தான் கேட்கிறேன். தார்ப்பாய், குடம், கம்பி, கைபேசி கோபுரம், சின்டெக்ஸ் தொட்டி, கடை, ஆள். இந்த வரிசையில் உள்ளது எல்லாம் இன்றைக்கு உரியது. நாம் வெட்டுவது இன்றைக்கு என்ற நாளை. ஸ்டீவ் மெக்கரி பருவமழையைத் துரத்தித் துரத்தி எடுத்துப் பேர் வாங்கியவர். 2016இல் அவருடைய படங்களில் கைவைத்தது வெளியே வந்தபோது, வங்கதேசத்தில் விளையாடும் சிறுவர்களின் படம் ஒன்றில் ஒரு பையனையே காணோம். தான் செய்தியாளன் இல்லை, கதைசொல்லி என்றார். நல்லது. அந்தக் கதைக்கு வேண்டாத பையனாக நம் வீட்டுப் பையன் இருந்திருந்தால்?

“படத்தப் பாத்துத்தானே ஆளுங்க வர்றாங்க, அவங்களுக்கும் வருமானம்தானே.” கொஞ்சம் உண்மை, மறுக்கவில்லை. 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை திறந்தார்கள். அதற்கு முன் வேன்காரர்கள் மணலில் குலுக்கிக் குலுக்கிக் கூட்டிப்போவார்கள். இப்போது நேராகக் காரிலேயே போகலாம். மீன் வறுவல் விற்கிறது, சிப்பி விற்கிறது. ஆனால் வருகிறவர் எதைப் பார்க்க வருகிறார்? ஆளில்லாத ஊரை. வந்து இறங்கினால் ஆள் இருக்கிறார்கள். உடனே “எல்லாத்தையும் கமர்ஷியல் ஆக்கிட்டாங்க, வியூவே போச்சு” என்று முகம் சுளிக்கிறார். யாருடைய ஊரில் நின்றுகொண்டு யார் இடத்தைக் கெடுத்துவிட்டதாகச் சொல்கிறார் என்று யோசியுங்கள். அந்த முகச்சுளிப்பை அவருக்கு முன்கூட்டியே கொடுத்தனுப்பியது நம் படம்.

கடைசிக் கேள்வி கனமானது. “ஆள எடுத்தா ஏழ்மைய விக்கிறேன்னு சொல்றீங்க, எடுக்காட்டி அழிக்கிறேன்னு சொல்றீங்க. என்னதான் செய்யச் சொல்றீங்க?”

சுருக்கம் விழுந்த கிழவியின் முகத்தை டெலி லென்ஸில் தூரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதும் எனக்கு ஒப்புதல் இல்லை. அதுவும் ஒருவகைப் பாழ்தான், கல்லுக்குப் பதில் தோல். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் கிடக்கிறது! துணிக்கொடி ஏழ்மையா? சென்னையில் என் வீட்டு பால்கனியிலும்தான் கொடி கட்டி, துணி காய்கிறது. இங்கே ஒரு வீடு இருக்கிறது, நேற்று துவைத்தார்கள், நாளை உடுத்துவார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அந்த நடு இடத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே மன்னார் வளைகுடாவில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களை எம். பழனிக்குமார் எடுத்த படங்கள் ‘பாரி’ தளத்தில் இருக்கின்றன. அதிலும் கடல் உண்டு, வெளிச்சம் உண்டு, அழகும் உண்டு. நீரின் அழகு அந்தப் பெண்களின் மூச்சை மறைக்கவில்லை. எடுத்தவர் அவர்களோடு கடலில் இறங்கியிருக்கிறார் என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும். எங்களைப் போல ட்ரைபாடை நட்டுவிட்டு, ஆட்கள் விலகட்டும் என்று காத்து நின்றதில்லை.

*

ஆட்கள் விலகட்டும் என்று காத்து நிற்பது. இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே பாதி சரியாகும் என்று இப்போது நினைக்கிறேன்.

நான் எனக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடுகள் கொஞ்சம்தான். பேய் நகரம் என்ற சொல்லை எழுதுவதில்லை, எழுதுகிறவருக்குப் படம் கொடுப்பதில்லை. குடியிருப்பின் அடையாளம் எதையும் அழிப்பதில்லை. படத்துக்குக் கீழே எடுத்த தேதியும், அன்று அடித்த காற்றின் பெயரும், தெரியாவிட்டால் கேட்டாவது எழுதுகிறேன். கேட்கப்போனால் பேச்சு வரும், பேச்சு வந்தால் பாதி நாள் போய்விடும். நல்ல வெளிச்சம் கைவிட்டுப் போனதும் உண்டு. போகட்டும். கடலோரத்தில் யார் வீட்டுச் சுவரும் என் படத்துக்காக இடிந்ததில்லை என்ற நினைப்பு இருந்தால் போதும்.

இதனால் என் படங்கள் முன்பைவிட நன்றாக இருக்கின்றன என்று சொல்லமாட்டேன். கண்காட்சிக்காரர்கள் முன்போல் கேட்பதில்லை. “கொஞ்சம் க்ளட்டரா இருக்கு சார்” என்கிறார்கள். ஊர் என்றால் க்ளட்டர்தான்.

கணினியில் பழைய ரா ஃபைல் அப்படியே இருந்தது. நான் அழித்தது பிரதியில்தான், கேமரா பார்த்தது பார்த்தபடி கிடந்தது. அடுத்த வருடம் அதிலிருந்து மறுபடி பிரிண்ட் போட்டேன். அதே மேகம், அதே தேவாலயம், வலது ஓரத்தில் நைலான் கயிறும் நைட்டியும் துண்டும் சட்டையும். காற்றில் சட்டை லேசாக உப்பியிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இந்தத் தடவை தேவாலயத்தை அவர் பார்க்கவே இல்லை. முகத்துக்கு அருகே தூக்கிப் பிடித்து ஓரத்தையே பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

“ஏலே, இங்க வந்து பாரு. ஓன் பழைய சட்ட. ரெண்டாவது பட்டன் இல்லாதது மொதக்கொண்டு தெரியுது.”